கோலாலம்பூருக்கு முதல் பயணமா? ரயிலிலேயே ஊர் சுற்ற வழி

கோலாலம்பூர் என்றதும் எல்லோரும் நேரே இரட்டைக் கோபுரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எங்கே பிறந்ததோ அங்கிருந்து தொடங்கினால்தான் இந்த நகரம் பிடிபடும்.

1. கிளம்பும் முன்
மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புங்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

2. விமான நிலையத்திலிருந்து
கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடும். பேருந்து மலிவு, ஆனால் நேரம் ஆகும். நாலு பேர் சேர்ந்து போனால், செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் காரே கட்டுப்படியாகும்.

3. அட்டையா, டோக்கனா?
ரயில் கட்டணத்துக்குப் பணம் ஏற்றித் தட்டும் டச் அண்ட் கோ அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி இரண்டு பேர் உள்ளே போக முடியாது. அட்டை இல்லையென்றால் எல்ஆர்டி எனும் நகர ரயிலின் நிலைய எந்திரத்தில் நீல நிற பிளாஸ்டிக் டோக்கன் கிடைக்கும். நுழையும்போது அதைக் கதவின் மேல் வைத்துக் காட்டுங்கள், வெளியே வரும்போது துளையில் போடுங்கள். நடுவில் தொலைத்துவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

4. முதல் நாள்
மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள். கொம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடும் இடம் அது. 19ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கத்துக்கு வந்தவர்கள் இறங்கிய கரையும் இதுதான். கூடுதுறையில் நிற்கும் பள்ளிவாசல் 1909இல் கட்டியது. பக்கத்திலேயே மெர்டேக்கா சதுக்கம். 1957இல் பிரிட்டிஷ் கொடியை இறக்கி மலாயாக் கொடியை ஏற்றியது அங்கேதான்.

அப்புறம் பசார் செனி நிலையம் பக்கம் நடந்தால் பெட்டாலிங் தெரு, அதற்கு அடுத்த தெருவில் 1873இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அவசரப்படாமல் பாருங்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். இந்தக் கோயிலையும் பத்துமலையையும் தொடங்கிவைத்தவர் தம்புசாமி பிள்ளை. மதியத்துக்கு மேல் சட்டென்று மழை கொட்டும், குடை கையில் இருக்கட்டும்.

மாலையில் பசார் செனியிலிருந்து கொம்பாக் திசையில் போகும் எல்ஆர்டியில் நான்காவது நிறுத்தம் கேஎல்சிசி, இரட்டைக் கோபுரம் இருக்கும் இடம். கோபுரங்கள் 452 மீட்டர் உயரம். மேலே ஏற ஆசையென்றால் முன்கூட்டியே இணையத்தில் சீட்டு எடுங்கள். இல்லாவிட்டாலும் பின்புறப் பூங்காவிலிருந்து பார்க்கும் காட்சியே போதும் என்பது என் கருத்து.

5. மறுநாள் காலை, பத்துமலை
கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் ஏறுங்கள். பத்துமலைதான் கடைசி நிறுத்தம். ரயில் அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 140 அடி முருகன் சிலையைத் தாண்டினால் 272 படிகள். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்குகள் பிடுங்கிவிடும், முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.