மேட்டில் மட்டும் உதறிய ஜீப்

உர மூட்டைகளோடு இறம்பொடை ஏற்றத்தில் போனால் ஜீப் உதறும். அக்சிலேட்டரை விட்டதும் உதறல் நின்றுவிடும். முன்சில்லு இழுக்கிற வண்டி. சில்லு பேலன்ஸ் செய்தோம், எஞ்சின் மவுண்ட் மாற்றினோம், பலனில்லை. வளைவில் 'டக் டக்' சத்தம் இல்லாததால் கராஜில் யாரும் டிரைவ் ஷாஃப்ட்டை, அதாவது கியர்பொக்ஸிலிருந்து சில்லைச் சுழற்றும் தண்டை, சந்தேகிக்கவில்லை. அந்தச் சத்தம் ஷாஃப்ட்டின் சில்லுப் பக்க ஜொயின்ட் (மடங்கிச் சுழலும் மூட்டு) தேய்ந்தால் வருவது. கியர்பொக்ஸ் பக்கத்தது தேய்ந்தால் பெரும்பாலும் சத்தம் இருக்காது, பாரம் இழுக்கையில் உதறல்தான். ஜெக் அடித்துத் தூக்கி ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்தேன். வலது பக்கம் நல்ல ஆட்டம். ஜொயின்ட்டை மூடும் ரப்பர் உறை கிழியவே இல்லை! உள்ளே கிண்ணத்தில் உருளைகள் ஓடிய இடம் மட்டும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழிந்திருந்தது. சரி, கியர் ஒயிலை வடித்து, ஷாஃப்ட்டை முழுசாக மாற்றினோம், கூடவே ஒயில் சீலும் புது நட்டும். அப்பாடா, இப்போது பாரத்தோடும் உதறாமல் ஏறுகிறது.