சிபில் ரிப்போர்ட்டில் தவறான பதிவா? நீங்களே திருத்துவது எப்படி

பைக் லோனைக் கட்டி முடித்துவிட்டீர்கள், பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்ஓசி சான்றும் கையில் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சிபில் நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்து, "பழைய பாக்கி நிற்கிறதே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். உடனே "சிபிலைச் சரி பண்ணித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் ஏஜெண்டைத் தேடி ஓடாதீர்கள். தவறைத் திருத்தக் கேட்பதற்குக் கட்டணமே கிடையாது. ஏஜெண்ட் செய்வதும் நீங்கள் செய்யக்கூடிய அதே வேலைதான்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சிபில் உங்கள் கடன் விவரத்தைத் தானாக எழுதுவதில்லை. பேங்க் அனுப்புவதைப் பதிந்து வைக்கிறது, அவ்வளவுதான். பேங்க் ஒப்புக்கொள்ளாமல் சிபில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. சிபிலில் மட்டும் புகார் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு வேலை இழுத்துக்கொண்டே போவது இதனால்தான்.

படி 1: ரிப்போர்ட்டை எடுங்கள்

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என, கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நான்கு கிரெடிட் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர்கள் இணையதளத்தில் கட்டணத் திட்டம்தான் முதலில் கண்ணில் படும், இலவச ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர், அதாவது உங்கள் கடன் மதிப்பெண், குறையாது.

படி 2: வரி வரியாகப் படியுங்கள்

300 முதல் 900 வரை போகும் அந்த ஸ்கோரை மறந்துவிட்டு, முதலில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரியைப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. ஒரு லோனில் "எஸ். குமார்", இன்னொன்றில் அப்பா பெயரோடு முழுப் பெயர் என்று இருந்தால், வேறு ஒரு குமாரின் கடன் உங்கள் கணக்கில் வந்து உட்கார வாய்ப்பிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு கடனுக்கும் நிலுவைத் தொகை, முடிந்த தேதி, மாதவாரி டிபிடி ஆகியவற்றைப் பாருங்கள். டிபிடி என்பது தவணை எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு. 000 அல்லது எஸ்டிடி (ஸ்டாண்டர்ட், ஒழுங்கான கணக்கு) என்றிருந்தால் நல்லது. 030, 060 போன்ற எண் இருந்தால், அந்த மாத பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒப்பிடுங்கள்.

"செட்டில்டு" என்ற சொல்லைப் பார்த்து நிறையப் பேர் குழம்புகிறார்கள். முழுப் பாக்கியும் கட்டாமல், பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் அந்தப் பதிவு சரியானதுதான், புகாரில் அது மாறாது. மீதியைக் கட்டி, என்ஓசி வாங்கி, "குளோஸ்டு" என்று மாற்றச் சொல்லிப் பேங்கிடம் கேட்பதே வழி. ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் ரிப்போர்ட்டில் வரும், அதுவும் தவறில்லை.

படி 3: ஆதாரத்தைச் சேருங்கள்

என்ஓசி, கடைசித் தவணை கட்டிய ரசீது, லோன் ஸ்டேட்மெண்ட், பான், முகவரிச் சான்று. நீங்கள் வாங்கவே வாங்காத கடன் இருந்தால் இது போதாது. யாரோ உங்கள் பானை வைத்து வாங்கியிருக்கலாம். 1930 என்ற சைபர் கிரைம் எண்ணில் புகார் பதிந்து, அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு இடத்திலும் புகார் கொடுங்கள்

சிபில் தளத்தில் "டிஸ்பியூட்" பகுதிக்குப் போனால், ரிப்போர்ட்டில் உள்ள கண்ட்ரோல் நம்பரைக் கேட்கும். தவறான கடனைத் தேர்ந்தெடுத்து, எந்த விவரம் தவறு, சரியானது என்ன என்று குறிப்பிடுங்கள். அதே நாளில் பேங்கின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் மெயில் அனுப்புங்கள். சுருக்கமாக இருந்தால் போதும்:

"எனது லோன் கணக்கு எண் ... இந்தத் தேதியில் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது. என்ஓசி இணைத்துள்ளேன். கிரெடிட் ரிப்போர்ட்டில் இன்னும் நிலுவை காட்டுகிறது. திருத்திய விவரத்தை நான்கு கிரெடிட் நிறுவனங்களுக்கும் அனுப்பவும்."

கிளைக்கு நேரில் போய் வாய்வழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பிறகு நிரூபிக்க ஒன்றும் இருக்காது. புகார் எண்ணையும் தேதியையும் கட்டாயம் குறித்து வையுங்கள்.

படி 5: முப்பது நாள் கணக்கு

புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு வர வேண்டும். அதில் பேங்குக்கு 21 நாள். 30 நாளைத் தாண்டினால், 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். தாமதம் யாருடையதோ அவர்கள்தான் அதைத் தர வேண்டும். தயங்காமல் எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் "ஸ்கோர் ஏன் இவ்வளவு குறைவு" என்ற புகாருக்கு இந்த இழப்பீடு பொருந்தாது.

உங்கள் புகாரை மறுத்தால் அவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் சரியில்லை என்றாலோ, 30 நாள் கழிந்தும் பதில் இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) இணையத்திலேயே புகார் செய்யலாம். அதற்கும் கட்டணம் இல்லை. உதவி வேண்டுமானால் 14448 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சிபிலில் திருத்தம் வந்துவிட்டதா? சரி, மற்ற மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கடன் தரப்போகிறவர் எதைப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. பழைய பதிவு அங்கே நின்றால், அந்த நிறுவனத்திடமும் தனியாகப் புகார் கொடுங்கள்.