கிரிமினல் கேஸுக்கு வக்கீல் பிடிப்பது எப்படி? முதல் சந்திப்புக்கு முன் செய்ய வேண்டியவை

வரப்புத் தகராறு, மடைத் தண்ணீர்ச் சண்டை, திருவிழாவில் கைகலப்பு, பைக் மோதல், மாட்டுவண்டி மணல். டெல்டா பக்கம் முதல்முறையாகக் கேஸில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். நான் கும்பகோணத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. சட்ட ஆலோசனை சொல்வது என் வேலை இல்லை. ஆனால் கட்சிக்காரர்கள் எதை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அதை வைத்துத்தான் இந்தப் பதிவு.

படி 1: என்ன கேஸ், எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஸ்டேஷனில் கூப்பிடுகிறார்கள்" என்பதை மட்டும் வைத்து வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது. புகார் மனு நிலையில் இருக்கிறதா, எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டதா என்பது முதல் கேள்வி. மனு மட்டும் என்றால் புகார் கொடுத்தவருக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கொடுத்திருப்பார்கள். எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் ஒரு குற்ற எண் இருக்கும். பாலியல் வழக்கு மாதிரி சிலவற்றைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை தளத்தில் தேடி, ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் இருக்கும் பிரிவு எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆபாசமாகத் திட்டுவதற்கும் கையால் அடிப்பதற்கும் போடுகிற அந்தக் காலத்து 294(பி), 323 இப்போது 296(பி), 115(2). அரிவாள், கம்பி என்று ஆயுதம் சேர்ந்தால் பழைய 324க்குப் பதில் 118(1). அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய எண்களே இருக்கும். பேப்பரில் "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு" என்று போட்டதைப் படித்துவிட்டு வீட்டில் அழுகிறார்கள். ஸ்டேஷனிலேயே ஜாமீனில் அனுப்பமாட்டார்கள், கோர்ட்டில் கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டேஷன் எந்த மாவட்டம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடுதுறையில் நடந்த சம்பவத்துக்கு ஹைகோர்ட் வரை போனால் மதுரைக் கிளை, ஏனென்றால் அது தஞ்சை மாவட்டம். கொஞ்ச தூரம் கிழக்கே குத்தாலத்தில் நடந்தால் சென்னை. மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்துக்கும் சென்னைதான். நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பது இதில் கணக்கே இல்லை, சம்பவம் நடந்த இடம்தான் கணக்கு. முன்ஜாமீன் கேட்கிற நிலைமை வந்தால் இது செலவையும் அலைச்சலையும் மாற்றிவிடும்.

படி 2: வக்கீலைத் தேடுங்கள்

ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஆள் காட்டுகிற வக்கீல் வேண்டாம். நல்லவராகவும் இருக்கலாம், ஆனால் அவரை உங்களிடம் அனுப்பியது யார் என்ற கேள்வி கடைசிவரை உறுத்தும். பத்திரம் எழுதிய வக்கீல், பாகப்பிரிவினை கேஸ் பார்த்த வக்கீல் என்று குடும்பத்துக்குத் தெரிந்தவரிடம் போனால் தப்பில்லை. "கிரிமினல் பக்கம் யாரைப் பார்க்கலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் நேர்மையாகச் சொல்வார்கள்.

அவகாசம் இருந்தால் ஒருநாள் காலை பத்தரைக்கு உங்கள் ஊர் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் பின்பெஞ்சில் போய் உட்காருங்கள். பொதுவாக யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். செல்போனை அணைத்துவிடுங்கள். யார் கேஸ் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் வாய்தா மட்டுமே கேட்கிறார் என்று ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் பேனர் வைத்துக் கூப்பிடுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பணம் இல்லை என்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. இது 1987ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை, யாருடைய தயவும் இல்லை.

ஆளை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் இந்தத் தேடலுக்கெல்லாம் நேரம் கிடையாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கிற உரிமையும் பிடிபட்டவருக்கு உண்டு. கிடைக்கிற கிரிமினல் வக்கீலை உடனே ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவு போடுகிற இடத்துக்கு, அனுப்புங்கள்.

படி 3: ஒரு தாளில் தேதிவாரியாக எழுதுங்கள்

முதல் சந்திப்புக்கு முன் செய்கிற வேலைகளில் இதற்கு இணை கிடையாது. "அவன் எப்பவுமே இப்படித்தான் சார்" என்று பத்து வருஷக் கதையில் ஆரம்பித்தால், சம்பவத்துக்கு வருவதற்குள் அடுத்த கட்சிக்காரர் வந்துவிடுவார். இப்படி எழுதினால் போதும்:

"9ஆம் தேதி காலை 6.30: மடையைத் திறக்கப் போனேன். என்னோடு என் மச்சான் மட்டும். 6.45: பக்கத்து வயல்காரரும் அவர் மகனும் வந்தார்கள். வாய்ச்சண்டை. அவர் மகன் என்னைத் தள்ளினார். நான் மண்வெட்டிக் காம்பால் ஒரு அடி அடித்தேன், தோளில் பட்டது. 8.00: நான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாலை 4.00: ஸ்டேஷனிலிருந்து போன்."

"ஒரு அடி அடித்தேன்" என்பதை எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இதை வக்கீலிடம் மறைப்பதால்தான் கேஸ் கெடுகிறது. "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்று சொல்லி, வக்கீலும் அதை நம்பி முன்ஜாமீன் மனுவில் எழுதி, கடைசியில் எதிராளி செல்போன் வீடியோவை நீட்டினால், தற்காப்புக்காக அடித்தேன் என்று சொல்லக்கூட அப்புறம் வாய் வராது. வக்கீலிடம் தொழில்முறையில் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 132ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சாட்சியைக் கலைக்கவோ பொய்க் காகிதம் தயாரிக்கவோ வழி கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நல்ல வக்கீல் உங்களை எழுப்பி அனுப்பியும் விடுவார்.

இந்தத் தாளை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், உறவுக்காரர்களுக்கும்தான். நேராக வக்கீல் கையில் கொடுங்கள்.

படி 4: பை கட்டுங்கள்

எஃப்.ஐ.ஆர். பிரதி, ஸ்டேஷன் கொடுத்த நோட்டீஸ், ஆதார். அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு. சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்து, அடிதடிக் காயங்களைக் குறிக்கும் பதிவேடு) பதிவு இருந்தால் அதை வக்கீல் கேட்டு வாங்குவார், தேதியும் நேரமும் மட்டும் சொல்லுங்கள். நிலத் தகராறு என்றால் பட்டா, சிட்டா, புல வரைபடம். நீங்களும் எதிராளிமேல் புகார் கொடுத்திருந்தால் அந்த ரசீது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இங்கே பாதி அடிதடி எதிர்வழக்கோடுதான் வரும்.

செல்போனில் எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றவும் வேண்டாம். கடைத்தெருவில் சி.சி.டி.வி. இருந்தால் எந்தக் கடை என்று முதல் நாளே வக்கீலிடம் சொல்லுங்கள். பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும்.

கேட்காமலே சொல்ல வேண்டியவை சில உண்டு. முன்னால் ஏதாவது கேஸ் இருந்தால் சொல்லுங்கள். அரசு வேலையில் இருந்தால் சொல்லுங்கள், 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பென்ஷன் வரும். சிங்கப்பூர், துபாய் டிக்கெட் போட்டிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை வந்தபிறகு விசாவை நீட்டினால் மறுபடி ஒரு மனு, மறுபடி செலவு. அறுபது வயது தாண்டியவர் என்றால் அதையும் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் அவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் முன்அனுமதி வேண்டும்.

படி 5: சந்திப்பு

வக்கீல்கள் நிதானமாகப் பேசுவது காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை ஆறுக்கு மேல். கோர்ட் வராந்தாவில் மடக்காதீர்கள். கூட ஒருவர் போதும். மாமா, சித்தப்பா, வார்டு மெம்பர் என்று காரில் ஏழு பேர் வந்து இறங்கினால் பேசுவது அவர்களாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் வெளியே டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: கைது வருமா, நோட்டீஸோடு போகுமா? முன்ஜாமீன் தேவையா? ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போகலாமா, யாரோடு? கோர்ட்டில் நிற்கப்போவது நீங்களா, ஜூனியரா? எதிராளியோடு சமரசம் பேசலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வக்கீல் பதில் சொல்லும்வரை ஊர்ப் பஞ்சாயத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 6: பீஸ்

கூச்சப்படாமல் கேளுங்கள். ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, டைப்பிங், ஜெராக்ஸ், மதுரைப் பயணம் எல்லாம் சேர்த்தா, தனியா? கட்டம் கட்டமாகக் கொடுக்க முடியுமா? ரசீது கேளுங்கள். முடியாவிட்டால் ஜிபேயில் அனுப்புங்கள், கணக்கு நிற்கும். "விடுதலை ஆனால் இவ்வளவு" என்று முடிவை வைத்துப் பீஸ் பேசுவதைப் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. "ஜட்ஜ் நமக்கு வேண்டியவர், மேலே கொடுக்கணும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற வக்காலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கூடாது. உள்ளே இருப்பவருக்கு என்றால் வக்காலத்து ஜெயிலுக்குப் போய், அதிகாரி சான்றோடு கையெழுத்தாகி வரும். பிறகு வக்கீலை மாற்ற நினைத்தால் பழையவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பீஸ் பாக்கி என்பதற்காகக் கேஸ் கட்டை அவர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜாமீன்தார் இரண்டு பேரைப் பேசி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, சொத்துக்கான காகிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாமீன் ஆர்டர் வந்து, ஜாமீன்தார் காகிதம் சரியில்லாமல் திங்கள்வரை ஆள் உள்ளேயே இருப்பது எங்கள் ஆபீஸில் அடிக்கடி பார்க்கிற விஷயம்.