மதிப்பெண் இல்லாத ஒரு மணி நேரம்: பயிற்சி மருத்துவர்களுக்கு ஓவிய அமர்வு நடத்தும் முறை

இரவுப் பணியை முடித்து, காலை ரவுண்ட்ஸிலும் நின்று, டிஸ்சார்ஜ் சம்மரிகளை எழுதிக் கொடுத்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் முதுநிலை மருத்துவ மாணவரிடம் போய், ‘வாருங்கள், படம் வரைந்தால் மனம் லேசாகும்’ என்று சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபம் நியாயமானது. அவருக்கு அப்போது வேண்டியது தூக்கம். ஆகவே, ஹவுஸ் சர்ஜன்களுக்கோ முதுநிலை மாணவர்களுக்கோ ஓவிய அமர்வு நடத்த விரும்பும் பேராசிரியரும் மூத்த மாணவரும் மனநலத் துறைப் பணியாளரும் வண்ணங்களை வாங்குவதற்கு முன்பே, அமர்வை எந்த நேரத்தில் வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

பணிச்சோர்வு என்று நாம் சொல்லும் பர்ன் அவுட், வெறும் உடற்களைப்பு இல்லை. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் அதை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது: உணர்வு வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல், தன் வேலையில் பயன் ஏதும் இல்லை என்ற எண்ணம். இவற்றுள் இரண்டாவதை வார்டில் எளிதாகக் கண்டுகொள்ளலாம். நோயாளியின் பெயர் மறைந்து ‘மூன்றாம் பெட் அப்பெண்டிக்ஸ்’ என்பது மட்டும் வாயில் தங்கிவிட்ட நிலை அது. உலக சுகாதார நிறுவனம் தன் 11-ஆம் நோய் வகைப்பாட்டில் இதைப் பணி சார்ந்த நிகழ்வாகவே குறித்திருக்கிறது, நோயாக வகைப்படுத்தவில்லை. இந்த வேறுபாட்டை அமர்வு நடத்துபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். காரணம் பணியில் இருக்கும்போது, அதற்கான தீர்வு முழுவதும் மாணவரின் மனத்துக்குள்ளேயே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஓவியச் சிகிச்சை என்பது ஒன்று, ஓவியம் வரைந்து இளைப்பாறுவது வேறொன்று. காசநோய்க்காகச் சானடோரியத்தில் தங்கியிருந்தபோது வரைவதன் பயனை உணர்ந்த ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942-இல் ‘ஓவியச் சிகிச்சை’ என்ற சொல்லை உருவாக்கினார். பின்னர் அது தனிப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் தொழிலாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஓவியத்தின் வழியே ஒருவரின் பழைய காயங்களுக்குள் செல்வார். அதற்கான பயிற்சியும் மேற்பார்வையும் அவருக்கு உண்டு. அவை இல்லாத நாம் நடத்தக்கூடியது, கையால் எதையாவது செய்வதற்கும் விரும்பினால் அதைப் பற்றிப் பேசுவதற்கும் இடம் தரும் அமர்வு மட்டுமே. இதையும் குறைத்து எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 39 பேர் 45 நிமிடங்கள் கலைப்பொருள் செய்த பிறகு, அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவு குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் தென்படவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பணிச்சோர்வு அறிகுறிகள் கொண்ட 146 மருத்துவப் பணியாளர்களை வைத்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாராந்திரக் கலை அமர்வுகளில் பங்கேற்றவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது என்பதையும், இரண்டாவது ஆய்வின் அமர்வுகளைப் பயிற்சி பெற்றவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து நடத்தினார்கள் என்பதையும் மறந்துவிட்டு, ஒரு நாள் பயிலரங்கில் அதே பலனை எதிர்பார்ப்பது சரியாகாது.

நேரத்துக்கு வருவோம். அமர்வு பணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வமான அனுமதியுடன், அந்த ஒரு மணி நேரத்துக்கு வார்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு முடியாவிட்டால் அமர்வைத் தொடங்காமல் இருப்பதே மேல். தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கை, பயிற்சி மருத்துவர்களின் பணியை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாமலும் வாரம் ஒரு நாள் விடுப்புடனும் அமைக்கப் பரிந்துரைத்தது. அந்த ஒரே விடுப்பு நாளில் ஓவிய வகுப்பை வைத்தால், சோர்வைப் போக்க வந்த ஏற்பாடே இன்னொரு டியூட்டியாக மாறிவிடும். இரவுப் பணி முடித்த காலையும் கூடாது. வருகைப் பதிவு, சான்றிதழ், குழுப் படம் ஆகியவையும் வேண்டாம்.

அறைக்குள் யார் இருக்கக்கூடாது என்பது இதைவிடவும் முக்கியமானது. லாக் புக் என்னும் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர், உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடுபவர், ஹவுஸ் சர்ஜனுக்குப் பணி நிறைவுச் சான்று தருபவர் ஆகியோர், எவ்வளவு நல்லவர்களாயினும், வெளியே இருக்க வேண்டும். காரணம் எளிது. நம் மருத்துவ மாணவர்களுக்கு வரைவது புதிதில்லை. திசுவியல் ஸ்லைடுகளை ஊதா, இளஞ்சிவப்புப் பென்சில்களால் வரைந்து, பாகங்களைக் குறித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியவர்கள்தான் அவர்கள். வண்ணத்தைக் கையில் எடுத்ததும் ‘சரியாக இருக்கிறதா’ என்று மேலே பார்ப்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. (அதனாலேயே முதல் நாள் அந்த இரண்டு வண்ணங்களையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்துவிட்ட காரணத்தைச் சொன்னால் அறையில் சிரிப்பு எழும். தொடக்கத்துக்கு அது நல்லது.) பள்ளிப் பருவம் முதல் நீட் தேர்வு வழியாக முதுநிலைத் தேர்வு வரை ஓயாமல் அளக்கப்பட்டவர்களுக்கு, யாரும் அளக்காத ஒரு மணி நேரத்தைத் தருவதே இந்த அமர்வின் வேலை. இனி வரும் விதிகள் எல்லாம் இதிலிருந்து வருபவையே.

எட்டு முதல் பத்துப் பேர் போதும். ஒரே யூனிட்டைச் சேர்ந்த மூத்தவரும் இளையவரும் ஒன்றாக வந்தால் இளையவர் வாய் திறக்க மாட்டார். வெவ்வேறு துறைகளிலிருந்து ஆட்களைச் சேர்ப்பது நல்லது. மேசைகள் வேண்டும், செமினார் ஹாலில் வரிசையாகப் போட்ட நாற்காலிகள் உதவாது. அவசர அழைப்புக்காக ஒரு செல்பேசியை மட்டும் நடத்துபவர் வைத்துக்கொண்டு, மற்றவை பையில் இருக்கட்டும்.

பொருள்களுக்கு அதிகச் செலவில்லை. சார்ட் அட்டை, ஆயில் பேஸ்டல், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, பசை, பழைய செய்தித்தாள், களிமண் ஆகியவை போதும். பென்சிலையும் அழிப்பானையும் வைக்க வேண்டாம். அழிப்பான் கண்ணில் பட்டால் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு நீர்வண்ணத்தையும் தவிர்க்கலாம். கலைச் சிகிச்சையாளர்கள் பொருள்களை, கைக்குக் கட்டுப்படுபவை என்றும் கட்டுப்படாமல் ஓடுபவை என்றும் பிரித்துப் பார்ப்பார்கள். ஓடும் வண்ணம் உணர்ச்சியை விரைவில் கிளப்பும்; ஏற்கெனவே நிலைதடுமாறி இருப்பவருக்கு அழுத்திப் பிடித்துத் தேய்க்கக்கூடிய பேஸ்டலே பாதுகாப்பானது.

முதல் அமர்வில் வெள்ளைத் தாளைக் கொடுத்து ‘மனத்தில் தோன்றுவதை வரையுங்கள்’ என்று சொல்லாதீர்கள். நான்சி கரி, டிம் காஸர் என்னும் ஆய்வாளர்கள் 2005-இல் 84 கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், வெற்றுத் தாளில் விருப்பம்போல் வண்ணமிட்டவர்களைவிட, சிக்கலான ஒழுங்குள்ள வடிவங்களுக்கு வண்ணமிட்டவர்களிடமே பதற்றம் அதிகமாகக் குறைந்தது. அவர்கள் ‘மண்டலா’ என்னும் வட்ட வடிவத்தையும் கட்டம் போட்ட வடிவத்தையும் பயன்படுத்தினார்கள். நம்மிடம் அதற்கு ஈடாகச் சிக்குக் கோலம் இருக்கிறது. புள்ளிகளை இட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும் என்ற விதி மனத்தைப் பிடித்து நிறுத்தும். அதே சமயம் அடுத்து என்ன வரைவது என்று தவிக்க வைக்காது. ஐந்து வரிசைப் புள்ளிகளில் தொடங்கலாம். கோலம் பெண்களுக்குரியது என்று தயங்கும் ஆண் மாணவர் இருந்தால் வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் கோடு சிக்கி நிற்பதைப் பார்த்ததும், அவர் கை தானாகவே பேனாவைத் தேடக்கூடும்.

ஒரு மணி நேரத்தைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்: கிறுக்கலுக்கோ கோலத்துக்கோ பத்து நிமிடம், அன்றைய வேலைக்கு முப்பது நிமிடம், பேச விரும்புவோர் பேச இருபது நிமிடம். இரண்டாம் வாரத்தில் உடலின் வெளிக்கோட்டை வரைந்து, களைப்பு எங்கே தங்கியிருக்கிறது என்று வண்ணத்தால் காட்டச் சொல்லலாம். சிலர் உடனே கல்லீரலையும் பெருந்தமனியையும் உரிய இடத்தில் வரைந்து அம்புக்குறி போடத் தொடங்குவார்கள். விட்டுவிடுங்கள்; தோளிலும் கண்ணுக்குக் கீழேயும் வண்ணம் வருவதற்கு நேரம் பிடிக்கும். மூன்றாம் வாரத்தில் காகிதத் தட்டை முகமூடியாக்கி, வெளிப்புறத்தில் நோயாளியின் உறவினர்கள் பார்க்கும் முகத்தையும் உட்புறத்தில் அவர்கள் பார்க்காததையும் வரையச் சொல்லலாம்.

நான்காம் வாரத்துக்கு நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைப்பது காமிக்ஸ். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மைக்கேல் கிரீன் என்னும் மருத்துவப் பேராசிரியர், மாணவர்கள் தங்கள் பயிற்சி அனுபவத்தைக் காமிக்ஸாக வரையும் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறார். ஒரு தாளை நான்கு கட்டங்களாக மடித்து, ஒரே ஒரு டியூட்டி இரவை நான்கு காட்சிகளாக வரையச் சொல்லுங்கள். குச்சி மனிதர்கள் போதும். எதை விடுவது, எந்தக் காட்சியில் முடிப்பது என்று அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், தங்களை உருட்டிச் சென்ற இரவை முதன்முறையாக வெளியிலிருந்து பார்க்கிறார்கள். கேஷுவாலிட்டியில் இறந்த குழந்தையைப் பற்றி வாயால் சொல்ல முடியாத ஒருவர், மூன்று கட்டங்களில் காலி ஸ்ட்ரெச்சரையும் நான்காவதில் டீக்கடையையும் வரைந்து வைத்தால், அதற்கு மேல் அவர் எதையும் விளக்கத் தேவையில்லை. இந்தப் பயிற்சிக்கு ஒரு விதி மட்டும் கண்டிப்பானது: நோயாளியின் பெயர், படுக்கை எண், அடையாளம் காணக்கூடிய முகம் எதுவும் படத்தில் வரக்கூடாது.

பேசும் இருபது நிமிடங்களில்தான் அமர்வுகள் பெரும்பாலும் கெடுகின்றன. ‘அழகாக இருக்கிறது’ என்று ஒருவரிடம் சொன்னால், மற்ற ஒன்பது பேரும் தங்கள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து நோய் கண்டறிதல். ‘இவ்வளவு கறுப்பு இருக்கிறதே, டிப்ரஷனா?’ என்று கேட்க மருத்துவர்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். ஆனால் கறுப்பு ஸ்கெட்ச் பேனா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். நிறத்துக்கும் நோய்க்கும் அப்படியோர் அகராதி கிடையாது. ‘இதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறீர்களா?’ என்பது நல்ல கேள்வி. ‘இந்த மூலையில் என்ன நடக்கிறது?’ என்பதும் நல்ல கேள்வி. பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுங்கள். யாராவது கேலி பேசினால் தடுக்க வேண்டாம். வார்டில் தாக்குப்பிடிக்க அவர்கள் கற்ற வழி அது.

சில நேரம் கனமான ஒன்று வெளியே வரும். சாக வேண்டும் என்ற எண்ணம் சொல்லிலோ படத்திலோ தெரிந்தால், குழுவின் முன் அதைக் கிளறாமல், அமர்வு முடிந்ததும் தனியே அழைத்து, அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தன் கல்லூரி மனநலத் துறைக்குப் போனால் செய்தி பரவிவிடும் என்ற அச்சம் மாணவர்களிடையே உண்மையில் இருக்கிறது. எனவே வெளியில் உள்ள ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104-ஐயும் அழைக்கலாம். இந்த எண்களை முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னர் ஒருவருக்கு மட்டும் தனியாகக் கொடுக்கும் சங்கடம் இராது.

சென்னையில் இருப்பவர்கள் ஓர் அமர்வை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வைக்கலாம். குழந்தைகள் நல மருத்துவமனையிலும் மகப்பேறு மருத்துவமனையிலும் பணியாற்றுவோருக்கு அது மிக அருகில் இருக்கிறது. தஞ்சாவூரில் அரண்மனைக் கலைக்கூடம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் போன்ற ஒரே சிலையின் முன் இருபது நிமிடம் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: இங்கே என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மன் மாணவர்களை ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் சென்றதும், அதனால் நோயாளியின் உடலைக் கூர்ந்து பார்க்கும் திறன் கூடியது என்று 2001-இல் வெளியிட்டதும் மருத்துவக் கல்வியில் பலரும் அறிந்தவை. அந்த ஆய்வு மன அழுத்தத்தை அளக்கவில்லை. ஆயினும், முப்பது நொடியில் ஒரு நோயாளியைப் பார்த்து முடிக்கப் பழகியவர் இருபது நிமிடம் ஒன்றையே பார்ப்பது, பணிச்சோர்வின் இரண்டாம் கூறுக்கு நேர் எதிரான பழக்கம் என்பது என் எண்ணம்.

அமர்வுக்கு வர இயலாதவர் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் அடங்கும் ஒரு சிறு நோட்டில், டியூட்டி ரூமில் ஐந்து நிமிடம் கோலமோ கோடோ போட்டு வைக்கலாம். அந்த நோட்டில் கேஸ் குறிப்புகளை எழுதக்கூடாது.

ஆறு வாரம் கழித்துப் பெயரில்லாத ஒரு சிறு வினாத்தாள் மூலம் பயன் இருந்ததா என்று கேட்கலாம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த குறைகளை, அதாவது தொடர்ந்து 36 மணி நேரப் பணி, பூட்டு இல்லாத டியூட்டி ரூம், இரவில் சாப்பாடு கிடைக்காதது போன்றவற்றை, குழுவின் ஒப்புதலுடன் யார் சொன்னது என்று தெரியாதபடி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஆனால் படங்களைக் கொடுக்காதீர்கள். கல்லூரி ஆண்டு விழாவில் அவற்றைக் கண்காட்சியாக வைக்கலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். கடைசி நாளில் எல்லாப் படங்களையும் வரைந்தவர்களிடமே திருப்பித் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோவதா, கிழித்துப் போடுவதா என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கிழிப்பவர்களுக்காக மேசையடியில் ஒரு குப்பைக்கூடை இருக்கட்டும்.