பிள்ளைகளின் கண் சோதிக்கப் புதிதாக வருபவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகளையே திரும்ப விடுகிறார்கள். எழுத்து அட்டையின் தூரம், வெளிச்சம் எல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும். அவற்றை விடுவோம். இங்கே சொல்வது சோம்பேறிக் கண் (amblyopia) பற்றி: கண் நன்றாக இருந்தாலும் மூளை அதனால் பார்க்கப் பழகாமல் போகும் குறைபாடு.

"வளரட்டும், பிறகு பார்ப்பம்"

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தீவுப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு இரண்டு வயதில் வாக்குக்கண். "அது அதிர்ஷ்டம்" என்றாராம் அம்மம்மா. காட்டப்போன இடத்திலும் "வளரச் சரிவரும்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது பத்து வயது. விழித்திரை வடிவாக இருந்தது. ஆனால் அந்தக் கண்ணால் அட்டையின் மேல் வரிகளைத் தாண்ட முடியவில்லை.

பழுது மூளையில். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் பிறப்பதற்கு முன்பே பெரும்பாலும் வழி கண்டு போய்ச் சேர்ந்துவிடும். எந்த இணைப்பு நிலைக்கும் என்பதைப் பிறந்த பிறகு பார்வைதான் முடிவு செய்கிறது. ஹியூபல், வீசல் என்ற இரு நரம்பியல் ஆய்வாளர்கள் 1960களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தைத்து மூடி, சில கிழமைகள் கழித்துத் திறந்தார்கள். மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியின் கலங்கள் ஏறக்குறைய எல்லாம் மற்றக் கண்ணுக்கே பதில் சொல்லின. வளர்ந்த பூனையில் அப்படி நடக்கவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆளில்லாத வளவுக்குள் பக்கத்து வீட்டார் வேலியை நகர்த்துவதுபோல, தெளிவாகப் பார்க்கும் கண் மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மனிதரில் ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதை மீட்பது கடினம். முயன்றால் ஓரளவு பலன் உண்டு, அந்தச் சிறுமிக்கும் கொஞ்சம் கிடைத்தது. இரண்டு வயதில் தொடங்கியிருந்தால் எவ்வளவோ கிடைத்திருக்கும்.

ஒரு கண்ணில் பிறவிக் கண்புரை

இதில் அவகாசம் வாரக் கணக்குத்தான், வருடக் கணக்கு இல்லை. அன்றைக்கே சத்திர சிகிச்சை நிபுணரிடம் அனுப்புங்கள்.

கண்ணாடி போட்டுப் பார்க்காமலே நல்ல கண்ணைப் பிளாஸ்தரால் மூடுவது

வேண்டாம். பல பிள்ளைகளுக்குக் கண்ணாடியிலேயே பார்வை கூடும்.

நல்ல கண்ணை நாள் முழுக்க மூடுவது

குறைபாடு நடுத்தரம் என்றால், நாளுக்கு 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஒரே அளவு பலன் தந்ததாக 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அளவு மீறினால் நல்ல கண்ணின் பார்வையும் குறையலாம். அதனால் அடுத்த கிளினிக் திகதியை எழுதிக் கொடுக்காமல் பிளாஸ்தரைத் தாயின் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.