எபாக்ஸி ஹார்டனர்ல இருக்கிற எம்டிஏ: வேலை செய்றவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

எபாக்ஸி (ரெண்டு பொருளைக் கலந்து இறுக வைக்கிற பசை, பூச்சு) வேலைன்னா ரெசினைப் பாத்துதான் நிறைய பேர் பயப்படறாங்க, ஆனா அதை இறுக வைக்க அதோட கலக்கிற ஹார்டனர்ல என்ன இருக்குன்னு யாரும் லேபிளைத் திருப்பிப் பாக்கறதில்ல. சில இண்டஸ்ட்ரியல் ஹார்டனர்கள்ல மெத்திலீன்டைஅனிலின், சுருக்கமா எம்டிஏ, இருக்கும். தயாராகிற எம்டிஏ பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோமுக்கான எம்டிஐங்கிற இன்னொரு கெமிக்கலைச் செய்யப் போயிடும், மிச்சம் கொஞ்சம்தான் எபாக்ஸிக்கு வரும், சூடும் கெமிக்கலும் தாங்கணும்கிற இடத்துல அது நல்லாவே உழைக்கும். ஆனா உடம்புக்குள்ள போனா நேரா கல்லீரலைத்தான் பிடிக்கும். கேன்சர் வரவைக்கக்கூடும்னு உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி இதை 2பி பட்டியல்ல வச்சிருக்கு.

மூக்கை நம்புறதுதான் எல்லா தப்புக்கும் ஆரம்பம். எம்டிஏக்கு லேசான வாடைதான், கண்ணைக் கரிக்காது, தொண்டையை அடைக்காது, அதனால ஒண்ணுமில்லன்னு தோணிடும். அமெரிக்காவோட வேலைப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 8 மணி நேர வேலைக்கு வச்சிருக்கிற சராசரி வரம்பு காத்துல நூறு கோடி பங்குக்கு வெறும் 10 பங்கு, அதை எந்த மூக்காலயும் அளக்க முடியாது.

அடுத்தது, மாஸ்க் போட்டாச்சு போதும்னு வெறுங்கையால தொடறது. இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன், ஏன்னா எம்டிஏ தோல் வழியா உள்ள போகும், எரிச்சல்கூட இருக்காது, வலிச்சாதானே கையை எடுப்போம். எபாக்ஸி பேஸ்ட்டைக் கையால பிசைஞ்சவங்களுக்கும், அமெரிக்கால அணுமின் நிலையம் கட்டுறப்போ சுவருக்கு எபாக்ஸி பூசினவங்களுக்கும் கல்லீரல் வீங்கி மஞ்சக்காமாலை வந்ததா 1970கள்லயே டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க. கையில மஞ்சளா கறை தெரிஞ்சா பட்டுடுச்சுன்னு அர்த்தம், உடனே சோப்புத் தண்ணில கழுவணும். தின்னர் போட்டுத் தேய்க்கறது எல்லா சைட்லயும் நடக்குது, தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க, தின்னர் தோலோட எண்ணெய்ப் பசையை எடுத்துட்டு கெமிக்கலுக்கு வழியைத் திறந்து விடும். கிளவுஸும் மெல்லிசா கிடைச்சதை மாட்டக்கூடாது, அந்த ஹார்டனரோட சேஃப்டி டேட்டா ஷீட்ல (கம்பெனி தர்ற பாதுகாப்புத் தகவல் தாள்) எந்த வகை கிளவுஸ்னு போட்டிருக்கும், அதைத்தான் வாங்கணும்.

இந்தக் கெமிக்கலைச் சாப்பாட்டுப் பொருளோட சேத்து வண்டியில ஏத்தறது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிய 1965ல இங்கிலாந்துல எஸ்ஸெக்ஸ் பக்கம் எப்பிங்ல நடந்ததைத் தெரிஞ்சுக்கணும். ஒரே வேன்ல மாவு மூட்டையும் எம்டிஏ டப்பாவும் போயிருக்கு, டப்பா கசிஞ்சு தரையில ஓடி மாவுல ஊறிடுச்சு, அந்த மாவுல ரொட்டி சுட்டு வித்துட்டாங்க. 84 பேருக்கு மஞ்சக்காமாலை. ரொட்டி சுடற அடுப்புல அவ்வளவு சூட்டுல வெந்தும் விஷம் போகலைங்கிறதைக் கவனிங்க. நம்ம ஊர்ல ஒரே டெம்போல பெயிண்ட், கெமிக்கல், அரிசி மூட்டைன்னு ஏத்திட்டுப் போறதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு கலங்குது.

முழுசா இறுகின எபாக்ஸில பயம் ரொம்பக் கம்மி, ஆனா பாதி இறுகினதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா (சாண்டிங்) மிச்ச கெமிக்கல் தூசியோட பறக்கும், டேட்டா ஷீட்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் பொறுத்தே ஆகணும். வேலை பாத்த துணியோட வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்கறதும், அந்தத் துணியை வீட்டுத் துணியோட ஊறப்போடறதும் வேண்டாம். வேலை செய்ற இடத்துல டீ, பீடி, சாப்பாடு எதுவும் கூடாது.

கடைசியா ஒண்ணு, இங்கதான் நம்ம ஆளுங்க நிறைய நாளை இழக்கறாங்க. மேல்வயித்துல வலி, காய்ச்சல், குளிர், அப்புறம் கண்ணு மஞ்சளாகுதுன்னா ஏதோ தண்ணி சரியில்லன்னு கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சிட்டு மறுபடி அதே வேலைக்குப் போயிடறாங்க. வேலையை நிறுத்திட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க, எபாக்ஸி ஹார்டனர் கையாள்றேன்னு நீங்களா சொல்லுங்க, டப்பா லேபிளை போன்ல போட்டோ எடுத்துக் காட்டுங்க, ஏன்னா வைரஸால வர்ற காமாலையும் இதுவும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.