புயல் ஆயத்தத்தில் யாரும் விடுபடாமல் இருக்க: கடலோர ஊராட்சிகளுக்கான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆயத்தம் என்றால் மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர் என்று பொருட்களின் கணக்கோடு பல ஊராட்சிகள் நின்றுவிடுகின்றன. ஊரில் யாரால் தாமாகப் பாதுகாப்பு மையத்துக்கு வர இயலாது என்ற கணக்கை எடுக்கப் பெரிய செலவு இல்லை. ஆனாலும் அதுவே விடுபட்டுப் போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது கடலூர், நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தனர். மீன் வாங்கக் கரையில் காத்திருந்தவர்களும், குழந்தைகளோடு வீட்டில் இருந்தவர்களும், நீச்சல் பழகாதவர்களும் பெரும்பாலும் பெண்கள்தாம். ஆகவே ஒருவருடைய உடல்நிலையை மட்டும் பார்க்காமல், ஆபத்து வரும் நேரத்தில் அவர் எங்கே, என்ன வேலையில், யாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு இருப்பார் என்பதையும் சேர்த்தே பட்டியல் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் இந்தப் பட்டியல் தயாராக இருப்பது நல்லது. கர்ப்பிணிகளின் பேறுகாலத் தேதி கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். படுக்கையில் இருப்போரையும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எடுப்போரையும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத் தன்னார்வலர்கள் வீடு வீடாக அறிவார்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊருக்குரிய பகுதியைக் கேட்டு, உங்களிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பதிவேடுகளை மட்டும் நம்பினால் அட்டை இல்லாதவர்கள் விடுபடுவார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு இருளர் குடும்பங்கள் பல நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் தங்கி வேலை செய்வோர், இறால் பண்ணைகளில் உள்ள வெளிமாநிலத் தொழிலாளர்கள், வாடகை வீட்டில் இருக்கும் திருநங்கையர் ஆகியோரை நடந்து போய்த்தான் சேர்க்க முடியும். இப்பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டவே கூடாது: தனியாக வாழும் பெண் யார், மனநோய்க்கு மருந்து எடுப்பவர் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டிய செய்தியன்று.

பெயர் எழுதும்போதே, "புயல் எச்சரிக்கை வந்தால் நீங்கள் வீட்டை விட்டு வருவீர்களா, வரமாட்டீர்கள் என்றால் எதனால்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விதான் வழிகாட்டியின் உயிர். இரண்டு ஆடுகளை விட்டுவிட்டு வர மனமில்லாத மூதாட்டியை நாம் பிடிவாதக்காரி என்கிறோம். மையத்துக்கு அருகில் ஆடு கட்ட ஓர் இடம் ஒதுக்கினால் அவர் வருவார். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லாததால் வரத் தயங்கும் இளம்பெண்கள் அந்தக் காரணத்தை ஆண் அலுவலரிடம் சொல்ல மாட்டார்கள், ஆகையால் கேட்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். மையம் வேறு தெருவில் இருப்பதாலும், அங்கே தனியே உட்கார வைக்கப்படுவோம் என்ற அனுபவத்தாலும் தலித் குடும்பங்கள் வராமல் இருப்பதுண்டு. நிவாரணத்தில் சாதி, மத, பாலினப் பாகுபாடு கூடாது என்று 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61 ஆம் பிரிவு சொல்கிறது. இடம் ஒதுக்குவது, சமைப்பது, பரிமாறுவது யார் என்பதைக் காற்று அடிக்கத் தொடங்கிய இரவில் பேச முடியாது. கிராம சபையிலேயே வெளிப்படையாகப் பேசி, தீர்மானமாக எழுதிவிட வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு பொறுப்பாளர்களின் பெயரை எழுதுங்கள். மீனவக் குப்பங்களில் எச்சரிக்கை வந்தவுடன் ஆண்கள் படகையும் வலையையும் மேடேற்றப் போய்விடுவதால், இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நடைமுறைக்கு உகந்தது. சுய உதவிக் குழுப் பெண்களைச் சமையலுக்கு மட்டும் அழைப்பது வீண். 1991 புயலில் சுமார் 1,38,000 பேரை இழந்த வங்கதேசத்தில், இன்று புயல் ஆயத்தத் திட்டத் தன்னார்வலர்களில் பாதிப்பேர் பெண்கள்.

ஒலிபெருக்கி அறிவிப்பு காது கேளாதவருக்குப் பயன்படாது. அவர் வீட்டுக்குப் பொறுப்பாளர் நேரில் செல்ல வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அவர்களுள் ஒருவரைக் கொண்டே இந்தியிலோ ஒடியாவிலோ குரல் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

யாரை எப்போது நகர்த்துவது என்பதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், விழுந்த மரங்களால் சாலைகள் அடைபட்டன. பல ஊர்களில் நெடுநாள் மின்சாரம் இல்லை. அத்தகைய நிலையில் 108 வண்டியை அழைத்துப் பயனில்லை. எனவே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்கள், பேறுகாலம் நெருங்கியவர்கள் ஆகியோரை ஊர் மையத்துக்கு அல்லாமல், மருத்துவமனை உள்ள நகருக்கே, முதல் எச்சரிக்கையிலேயே, பகல் வெளிச்சத்தில் அனுப்பிவிட வேண்டும். படுக்கையில் இருப்போரையும் மற்றவர்களுக்கு முன்பே நகர்த்துங்கள். ஒரு வாரத்துக்கான மருந்தும் அட்டைகளின் நகலும் நெகிழி உறையில் உடன் போகட்டும்.

மையத்தின் சாய்தளத்தைப் பொறியாளர் சான்றளித்தாலும், ஊரில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் கழிப்பறை வரை சென்று பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒத்திகையிலும் பட்டியலில் உள்ளவர்களே பங்கேற்க வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள மாணவரை நோயாளியாகப் படுக்க வைத்துத் தூக்குவதால் எதுவும் தெரியவராது. அக்டோபர் 2 கிராம சபைக்குள் இறந்தோர், இடம்பெயர்ந்தோர், புதிதாகக் கருவுற்றோர் விவரங்களைத் திருத்திவிடுங்கள்.

புயலுக்குப் பிந்தைய சேதக் கணக்கெடுப்பு உடைமை உள்ளவரையே முதலில் காண்கிறது: தென்னை விழுந்தால் மரத்துக்கு உரியவர் கணக்கில் வருவார், தேங்காய் உரித்துக் கூலி வாங்கியவர் வரமாட்டார். ஆகவே கணக்கெடுக்க வரும் அலுவலர்களுடன் உங்கள் பட்டியலில் உள்ளோரின் சார்பாக இருவரை அனுப்புங்கள். நிவாரணப் பட்டியல் இறுதியாவதற்கு முன் அதை அந்தந்தத் தெருவிலேயே உரக்கப் படித்து, விடுபட்ட பெயர்களை அங்கேயே மனுவாக எழுதி வாங்குங்கள்.